வெள்ளைப் பொடிகளை ஜோடி ஜோடியாகப் படியுங்கள்

பெயர் தெரியாத பொடிகளைச் சோதித்து இன்னதென்று சொல்ல வேண்டிய வேதியியல் போட்டிக்குத் தயாராகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு பெரிய அட்டவணை போடுவார்கள். இடப்பக்கம் பொடிகளின் பெயர், மேலே சோதனைகளின் பெயர், கட்டங்களுக்குள் ‘கரையும்’, ‘நுரைக்கும்’, ‘கறுக்கும்’. நானும் என் தோழியும் பள்ளி நாட்களில் இப்படித்தான் தொடங்கினோம். இப்போது நான் தயார்செய்யும் பிள்ளைகளும் இதையேதான் செய்கிறார்கள். அட்டவணை கட்டாயம் வேண்டும். ஆனால் போட்டி மேசையில் நம்மைத் திணறடிப்பது, ஒன்றைப் போலவே நடந்துகொள்ளும் இன்னொரு பொடிதான். அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: பொடிகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள், ஜோடி ஜோடியாகப் படியுங்கள். எது எதோடு குழம்பும், அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு சோதனை எது? இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் பதில் வரும் அளவுக்குப் பழக வேண்டும்.

சமையல் சோடாவையும் (சோடியம் பைகார்பனேட்) சலவைச் சோடாவையும் (சோடியம் கார்பனேட்) எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெள்ளை, இரண்டும் தண்ணீரில் கரையும், இரண்டும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டால் பொங்கும். அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் ஒரே மாதிரி எழுதியிருக்கும். வித்தியாசம் பிஎச் தாளில், அதாவது அமிலமா காரமா என்பதை எண்ணாகக் காட்டும் நிறத்தாளில் (7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) இருக்கிறது. சமையல் சோடா கரைசல் 8-ஐ ஒட்டி நிற்கும். சலவைச் சோடா 11-க்குப் போய்விடும். காரத்தில் நிறம் மாறும் பினாப்தலீன் கிடைத்தால் இன்னும் சுலபம்: ஒன்றில் இளஞ்சிவப்பு வந்தும் வராததுபோல் இருக்கும், மற்றதில் அடர்த்தியாகப் பிடிக்கும். எப்சம் உப்புக் (மக்னீசியம் சல்ஃபேட்) கரைசல் கையில் இருந்தால் அதுவும் போதும். சலவைச் சோடாவோடு சேர்ந்தால் உடனே வெள்ளை வீழ்படிவு. சமையல் சோடாவோடு சேர்ந்தால், சூடாக்கும்வரை ஒன்றும் இருக்காது. ஒரே ஜோடிக்கு மூன்று வழிகள் தெரிந்து வைத்திருப்பது வீண் அல்ல. போட்டியில் எந்த வினைப்பொருள் தருவார்கள் என்பது நம் கையில் இல்லையே.

தண்ணீரில் கரையாத வெள்ளைப் பொடிகள் மூன்று அடிக்கடி ஒன்றாக வரும்: கால்சியம் கார்பனேட், கார்ன்ஃப்ளார், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். முதலாவது அமிலத்தில் நுரைத்துக் கரைந்துபோகும். இரண்டாவது அயோடினில் கருநீலமாகும். மூன்றாவதைப் பலர் ‘எதற்கும் மசியாதது, ஆகவே பிளாஸ்டர்’ என்று மிச்சக் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது எனக்குப் பிடிக்காது. ‘வேறெதுவும் இல்லை, ஆகவே இது’ என்பதைவிட ‘இது நடந்தது, ஆகவே இது’ என்று எழுதுவதற்குத்தான் பலம் அதிகம். பிளாஸ்டருக்கும் சொந்தமாக ஒரு குணம் உண்டு. அதிகப் பொடியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் கிளறி ஓரமாக வைத்துவிட்டு மற்ற பொடிகளைப் பாருங்கள். திரும்பி வரும்போது கெட்டிப்பட ஆரம்பித்திருக்கும். தொட்டால் இளஞ்சூடும் தெரியும். இன்னொரு வழி, பொடியைத் தண்ணீரில் கலக்கி வடிகட்டி, தெளிந்த நீரில் சலவைச் சோடாக் கரைசலை விடுவது. கால்சியம் சல்ஃபேட் 100 மில்லிக்கு ஏறக்குறைய 0.2 கிராம்தான் கரையும் என்றாலும், அந்தக் கொஞ்சமே வெண்மையாகக் கலங்குவதற்குப் போதும்.

இங்கே பயிற்சிக்குப் பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸை இடித்துக் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தில், அதாவது கால்சியம் சல்ஃபேட்டில் செய்தவை. அமிலம் விட்டுப் பார்த்து, நுரைத்தால் மட்டும் கார்பனேட் டப்பாவில் போடுங்கள். உப்பிலும் இதே போலக் கொஞ்சம் கவனம் வேண்டும். சாப்பாட்டு உப்பில் கட்டிபடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் கரைசல் லேசாகக் கலங்கலாம். அதைப் பார்த்துவிட்டு ‘முழுதாகக் கரையவில்லை’ என்று குறித்துக்கொண்ட பிள்ளைகள் உண்டு. ஆய்வகத் தர உப்பையும் சாப்பாட்டு உப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அந்தச் சந்தேகம் அப்போதே தீர்ந்துவிடும்.

உப்பும் சர்க்கரையும் அடுத்த ஜோடி. ருசி பார்க்கக் கூடாது என்பதால்தான் இது ஒரு ஜோடியாகவே வருகிறது! உருப்பெருக்கியில் உப்பு சின்னச் சின்னக் கனசதுரங்களாகத் தெரியும். கரைசலில் மின்சாரம் பாய்கிறதா என்று பார்த்தால் உப்பில் விளக்கு எரியும், சர்க்கரையில் எரியாது. சர்க்கரைக்கும் குளுக்கோஸுக்கும் பெனடிக்ட் கரைசல்: நீலக் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் சில நிமிடம் வைத்தால் குளுக்கோஸ் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்கு வரும். நாம் பயன்படுத்தும் சர்க்கரையான சுக்ரோஸ் நீலமாகவே இருக்கும். ஆனால் வைட்டமின் சி-யும் பெனடிக்ட் கரைசலை நிறம் மாற்றும். ‘ஆரஞ்சு வந்தது, எனவே குளுக்கோஸ்’ என்று பாய்வதற்கு முன் பிஎச் தாளைப் பார்க்க வேண்டும். குளுக்கோஸ் நடுநிலை, வைட்டமின் சி நல்ல அமிலம்.

போரிக் அமிலத்தையும் சிட்ரிக் அமிலத்தையும் பிரிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. அதில் காரணமும் சேர்ந்தே இருக்கிறது. இரண்டும் பெயரளவில் அமிலம்தான். சமையல் சோடாக் கரைசலில் சிட்ரிக் அமிலத்தைப் போட்டால் பொங்கும். போரிக் அமிலத்தைப் போட்டால் சும்மா இருக்கும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து உண்டாகும் கார்பானிக் அமிலத்தைவிடப் போரிக் அமிலம் பலவீனமானது. அதனால் கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ள அதற்குத் திராணி இல்லை. ‘ஏன்’ என்று கேட்டு ஒரு பெண் இதைப் புரிந்துகொண்ட பிறகு, அமில காரத்தைப் பற்றிய மற்ற கேள்விகளையெல்லாம் தானாகவே பிடித்துக்கொண்டாள். மனப்பாடம் ஒரு பொடிக்குத்தான் உதவும், காரணம் பல பொடிகளுக்குச் செல்லும்.

நவச்சாரத்தை, அதாவது அம்மோனியம் குளோரைடைக் கண்டுபிடிக்கக் கையே போதும். தண்ணீரில் போட்டதும் குழாய் சில்லென்று ஆகும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அம்மோனியா வாடை வரும். அதைக் குழாய் வாயில் மூக்கை வைத்து முகராமல், கையால் காற்றை நம் பக்கம் விசிறித்தான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாய்க்கு மேலே பிடியுங்கள், நீலமாகும்.

அயோடினுக்கு மட்டும் தனியாக ஒரு நாள் ஒதுக்கலாம். மாவுச்சத்து பட்டால் கருநீலம் என்பது எல்லோருக்கும் தெரியும். அயோடினின் பழுப்பு நிறமே காணாமல் போவதும் ஒரு தடயம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வைட்டமின் சி கரைசலில் ஒரு சொட்டு விட்டால் பழுப்பு நிறம் உடனே மறைந்து தண்ணீர் போலத் தெளிந்துவிடும். சலவைச் சோடாவிலும் நிறம் வெளுக்கும், ஏனென்றால் வலுவான காரத்தில் அயோடின் வேறு அயனிகளாக மாறிவிடுகிறது. அப்படியானால் வெளுத்தது எதனால்? மேலே கொஞ்சம் நீர்த்த அமிலத்தை விடுங்கள். சலவைச் சோடாவாக இருந்தால் நுரைத்து முடிந்ததும் பழுப்பு நிறம் திரும்பி வரும். வைட்டமின் சி-யாக இருந்தால் திரும்பாது. இதை முதன்முதலில் பார்க்கும் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதிலிருந்துதான் கலவைக்குப் போக வேண்டும். போட்டியில் இரண்டு பொடிகளைக் கலந்து ஒரே டப்பியில் தருவது வழக்கம். கார்ன்ஃப்ளாரும் வைட்டமின் சி-யும் கலந்ததில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கறுப்பு வராது. நிறம் மறைவதைப் பார்த்து ‘மாவுச்சத்து இல்லை’ என்று எழுதிவிடத் தோன்றும். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சொட்டும் விழுந்த இடத்தில் நீலம் ஒரு கணம் தோன்றி, குச்சியால் கலக்கியதும் மறையும். வைட்டமின் சி தீர்ந்துபோன பிறகு விழும் அடுத்த சொட்டில் சோதனைத் தட்டின் குழி முழுவதும் கருநீலமாகி அப்படியே நிற்கும். அந்தக் கணநேர நீலத்தைக் கண் பிடித்துவிட்டால் கலவையில் இரண்டும் இருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம். எந்த அட்டவணையிலும் இது இருக்காது. கையால் செய்து பார்த்தவர்களுக்குத்தான் வரும்.

கலவையைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, வினை முடிந்த பிறகு அடியில் என்ன மிச்சம் என்பதுதான். அமிலம் விட்டோம், நுரைத்தது, சரி, கார்பனேட் இருக்கிறது. நுரை அடங்கட்டும். அமிலம் இன்னும் சில சொட்டு விட்டுப் பாருங்கள். எல்லாம் தெளிந்துவிட்டால் ஒரு கதை. வெள்ளையாக ஏதோ அடியில் தங்கினால் அங்கே இரண்டாவது பொடி இருக்கிறது. கார்ன்ஃப்ளாரா பிளாஸ்டரா என்று அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அதேபோல வெறும் தண்ணீரிலேயே கலவை நுரைத்தால், ஒரு அமிலமும் ஒரு கார்பனேட்டும் உள்ளே இருக்கின்றன என்று பொருள். பேக்கிங் பவுடர் அப்படித்தான் வேலை செய்கிறது. அதில் சமையல் சோடாவும் ஒரு அமில உப்பும் பெரும்பாலும் மாவுச்சத்தும் சேர்ந்தே இருக்கும், ஆகவே தண்ணீரில் நுரைக்கும், அயோடினில் கறுக்கும். சமையல் சோடாவோடு கார்ன்ஃப்ளார் கலந்திருந்தால் அயோடினில் கறுக்கும், ஆனால் தண்ணீரில் நுரைக்காது. அமிலம் விட்டால்தான் நுரைக்கும். இந்த ஜோடியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும் என்பேன்.

வரிசை முக்கியம். முதலில் கண், பிறகு தண்ணீர், பிறகு பிஎச், அதற்கப்புறம்தான் மற்றவை. தண்ணீர் சோதனையைச் சும்மா ‘கரைகிறதா’ என்று மட்டும் பார்த்து விடுவது பெரிய விரயம். ஒரே குழியில் கரைதல், நுரை, சூடு, குளிர்ச்சி, கலங்கல், கெட்டிப்படுதல் எல்லாம் தெரியும். அதே கரைசலில் பிஎச் தாளையும் தொட்டுக்கொள்ளலாம். அதற்குள் பாதிப் பொடிகள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மிச்சமிருப்பவற்றைப் பிரிக்க எந்த வினைப்பொருள் போதும் என்று யோசித்து அதை மட்டும் எடுங்கள். எல்லாப் பொடிக்கும் எல்லாச் சோதனையும் செய்யத் தொடங்கினால் நேரமும் போகும், கொடுத்த பொடியும் தீரும். பிறகு கேட்டால் தரமாட்டார்கள்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோதனைக்குழாயில் கரண்டி கரண்டியாகப் போடுவதைவிட, சிறு குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் பல்குத்தும் குச்சியின் தட்டையான முனையில் நிற்கும் அளவு பொடி போதும். அதிகம் போட்டால் கரையக்கூடியதும் கரையாததுபோலக் காட்டும். சமையல் சோடா 100 மில்லி தண்ணீரில் ஏறக்குறைய 10 கிராம்தான் கரையும், சர்க்கரையோ 200 கிராம் கரையும். ஒரே அளவு தண்ணீரில் இரண்டையும் அள்ளிப் போட்டால் சமையல் சோடா அடியில் தங்கத்தான் செய்யும். ஒவ்வொரு பொடிக்கும் தனிக் குச்சி, ஒவ்வொரு திரவத்துக்கும் தனி டிராப்பர். டிராப்பரின் முனை குழியில் இருக்கும் பொடியைத் தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முறை தொட்டுவிட்டால் அந்த புட்டி முழுதும் கெட்டுவிடும். அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு முடிவும் சந்தேகத்துக்குரியது. ஒரு குழியில் வெறும் தண்ணீரையும் வினைப்பொருளையும் மட்டும் விட்டு ஒப்பிட வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சி வடித்த நீரே காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி லேசான அமிலமாக இருக்கும். அதை அறியாதவர்கள் உப்புக் கரைசலையும் அமிலம் என்று எழுதிவிடுவார்கள்.

சுடர் சோதனை, அதாவது பொடியைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி நிறம் பார்ப்பது, வைத்தால் மகிழ்ச்சிதான். லித்தியம் ஆழ்ந்த சிவப்பு, கால்சியம் செங்கல் சிவப்பு, தாமிரம் நீலப்பச்சை, பொட்டாசியம் வெளிர் ஊதா. இதில் கெடுப்பது சோடியம். விரலின் வியர்வையில் இருக்கும் உப்பே கம்பியை மஞ்சளாக எரிய வைத்துவிடும். பொட்டாசியத்தின் ஊதா அந்த மஞ்சளில் மூழ்கிவிடும். நிக்ரோம் கம்பியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் தோய்த்துச் சுடரில் காட்டி, நிறமே வராத வரைக்கும் சுத்தப்படுத்திய பிறகுதான் பொடியைத் தொட வேண்டும். கோபால்ட் நீலக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மஞ்சள் மறைந்து ஊதா மட்டும் தெரியும். இந்தச் சுடர் நிறங்களை நிறமாலைக் கருவியில் பிரித்துப் பார்த்துத்தான் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்க்காஃபும் 1860-ல் சீசியம், 1861-ல் ருபிடியம் என்ற தனிமங்களைக் கண்டுபிடித்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதே சுடரைத்தான் நாமும் பார்க்கிறோம் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமிதம்.

குறிப்பெடுப்பது பற்றிப் பேசும்போது ஆங்கிலேய வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. தன் தாத்தாவுக்கு விஷம் வைத்ததாக ஜான் போடில் என்பவர் மீது 1830-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வழக்கு நடந்தது. விஷம் ஆர்சனிக், அதுவும் ஒரு வெள்ளைப் பொடிதான். மார்ஷ் சோதித்து மஞ்சள் வீழ்படிவைக் கண்டார். ஆனால் நீதிமன்றத்தில் காட்டுவதற்குள் அது கெட்டுப்போனது, போடில் விடுதலையானார். அந்த ஆற்றாமையில்தான் மார்ஷ் 1836-ல், கண்ணாடியில் பளபளவென்று படிந்து நிற்கும் ஆர்சனிக் சோதனையை வெளியிட்டார். நம் மேசையிலும் தடயங்கள் நிற்பதில்லை. நுரை சில நொடிதான். பிஎச் தாள் காயக் காய நிறம் மாறும். பெனடிக்ட் குழாயில் பச்சை வந்த கணத்தைத் தவறவிட்டால் அது எந்த வேகத்தில் மாறியது என்பது தெரியாது. பார்த்தவுடன் எழுத வேண்டும். ‘நுரைத்தது’ என்று மட்டும் எழுதாமல் ‘தண்ணீரிலேயே மெதுவாக, நெடுநேரம்’ என்றோ ‘அமிலத்தில் சட்டென்று பொங்கி உடனே அடங்கியது’ என்றோ எழுதுங்கள். பின்னால் இரண்டு பொடிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும்போது அந்த அடைமொழிதான் கைகொடுக்கும்.

இருவர் அணியாக இருந்தால் ஒருவர் சோதிக்கட்டும், இன்னொருவர் எழுதட்டும். சோதிக்கிறவர் பார்த்ததை மட்டும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பொடியின் பெயரைச் சொல்லவே கூடாது. “இது சமையல் சோடா மாதிரி இருக்குக்கா” என்று ஒரு பையன் சொல்லிவிட்டால் போதும், எழுதுகிறவருக்கும் அதற்கப்புறம் எல்லாமே சமையல் சோடாவாகத்தான் தெரியும். பயிற்சியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். டப்பிகளுக்கு எழுத்து மட்டும் ஒட்டி, விடையை மூன்றாவது ஆள் வைத்துக்கொள்வார். சில நாள் ஒரே பொடியை இரண்டு டப்பிகளில் போட்டுவிடுவேன். ‘இது ஏற்கெனவே வந்துவிட்டது, இரண்டாம் முறை வராது’ என்று ஊகிக்கும் பழக்கம் அதோடு போய்விடும்.

பாதுகாப்பைப் பட்டியலின் கடைசியில் இருக்கும் சடங்காக நினைக்கக் கூடாது. கண்ணாடி, மேலங்கி, கட்டிய கூந்தல், மூடிய செருப்பு இல்லாமல் என் மேசைக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது. அமிலத்தைவிடச் சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணுக்கு ஆபத்தானது, பட்டால் உடனே எரிச்சல் அதிகம் தெரியாமலேயே உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. எந்தப் பொடியையும் நாக்கில் வைக்கக் கூடாது, அது சர்க்கரைதான் என்று நூறு சதவீதம் தெரிந்தாலும் கூடாது. இந்தப் பயிற்சியைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

விடைத்தாளில் பொடியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்துவிடாதீர்கள். ஆதாரமும் கேட்டிருந்தால், அந்தப் பொடியோடு குழம்பக்கூடிய மற்றதன் பெயரையும் எழுதி, அது ஏன் இல்லை என்று ஒரு வரி சேருங்கள். ‘அமிலத்தில் நுரைத்தது, பிஎச் 8; 11 இல்லை என்பதால் சலவைச் சோடா அல்ல, சமையல் சோடா’ என்பது போல. கடைசிச் சில நிமிடங்களை மேசையைத் துடைக்கவும், கழிவுகளைக் கொடுத்த பாத்திரத்தில் கொட்டவும் ஒதுக்கி வையுங்கள். பல போட்டிகளில் மேசையை அழுக்காக விட்டால் மதிப்பெண் குறைப்பார்கள். அடுத்து அந்த மேசைக்கு வருகிற அணிக்கும் சுத்தமான தட்டு வேண்டும்.